உத்தி பிரிப்பதும் கோப்பை வெல்வதும்

(பொத்தேரியில் ஒரு ஞாயிறு மாலை, கல்லூரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  பின்னால் நிற்கும் தம்பிகளா, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். நாற்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். யாராவது நின்றுகொண்டிருந்தால் தண்டனை கொடுத்த ஞாபகம் வந்துவிடுகிறது.

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். கூடுவாஞ்சேரியில் ஒரு பையன் ஏறினான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற வயது. பூட்ஸ் இரண்டையும் லேஸால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தான். இடது பூட்ஸின் முனை வாய் பிளந்திருந்தது. அதைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தான். "எந்த டீம்பா?" என்று கேட்டேன். "இன்னும் பிரிக்கல சார், போய்த்தான் பிரிப்பாங்க" என்றான். பொத்தேரியில் இருவரும் சேர்ந்துதான் இறங்கினோம். நான் படிக்கட்டு ஏறி முடிப்பதற்குள் அவன் ஜி.எஸ்.டி. சாலையையே தாண்டியிருப்பான்.

"போய்த்தான் பிரிப்பாங்க" என்றானே, இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். ஆளைப் பிரிப்பது, மாற்றுவது, பழக்குவது என்ற இந்த மூன்று வேலையால் ஒரு கால்பந்து அணி எப்படிக் கோப்பை வெல்கிறது என்பதைப் பற்றி.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இதற்கு 'உத்தி பிரிக்கிறது' என்று பெயர். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகத் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போவார்கள். ஜோடி சேர்வதில் ஒரு நியாயம் உண்டு: நன்றாக ஓடுகிறவன் நன்றாக ஓடுகிறவனோடுதான் சேர வேண்டும், சவலைப்பிள்ளை இன்னொரு சவலைப்பிள்ளையோடு. ஒதுக்குப்புறத்தில் ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள், ஒருவன் புலி, ஒருவன் சிங்கம். திரும்பி வந்து, "புலி வேணுமா சிங்கம் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவன் எதைக் கேட்டாலும் சமமான ஆள்தான் கிடைப்பான். எந்தப் பக்கமும் ஏமாற வழியில்லை. அதில் ஏமாற்றவும் செய்தோம் என்பது வேறு கதை. கண் சிமிட்டினால் புலி, மூக்கைச் சொறிந்தால் சிங்கம் என்று தலைவனோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காக்காரர்கள் இதையே பெரிய தொழிலாகச் செய்கிறார்கள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு அங்கே கால்பந்து என்று பெயர். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகில் 1936-இல் முதல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து ஆள் எடுப்பது, நடந்தது. பிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் சொன்ன யோசனை அது. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு இந்த வருஷம் முதல் ஆளை எடுக்கும் உரிமை. கடைசியாக வந்தது அவருடைய அணிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முதல் ஆளாகக் கிடைத்தவர் ஜே பெர்வாங்கர், கல்லூரி ஆட்டத்தில் பெரிய பெயர். அந்த மனிதர் கடைசிவரை தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் டிராஃப்டின் முதல் ஆளே இப்படி. அறுபத்துநாலு வருஷம் கழித்து, 2000-இல், 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டாம் பிராடி. ஏழு முறை சாம்பியன் ஆனார்.

நம் ஊருக்கு வருகிறேன். 2014 ஜூலையில் மும்பையில் ஒரு ஹோட்டலில் நம் நாட்டுக் கால்பந்துக்காரர்களை உத்தி பிரித்தார்கள். இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., அந்த வருஷம்தான் பிறந்தது. அணிகள் எட்டு. கோவாவும் வடகிழக்கும் உள்ளூர் கிளப்புகளோடு ஏற்பாடு செய்துகொண்டதால் மற்ற ஆறு அணிகள் மட்டும் மேசையில் உட்கார்ந்தன. 14 சுற்று, 84 ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரர்களில் யாரையும் எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று கேட்டதாக நினைவில்லை. அதில் நம் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தவர்களில் ஒருவர் மிசோரம் பையன், ஜெஜெ லால்பெக்லுவா. உங்கள் விடுதியில் மிசோரம், மணிப்பூர் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வருஷம் நாம் பட்டியலில் முதலிடம். பிரேசில்காரர் எலானோ 8 கோல் போட்டு அந்த சீசனின் அதிக கோல் அடித்தவரானார். பயிற்சியாளர் மார்கோ மாத்தராஸி, அவரே ஆடவும் செய்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஸிடேன் யார் நெஞ்சில் முட்டினார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரையிறுதியில் கொச்சியில் 0-3 தோற்று, சென்னையில் 3-0 எடுத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தின் 117-ஆவது நிமிஷத்தில் கேரளாவிடம் ஒரு கோல் வாங்கி வெளியே போனோம். அன்றைக்கு நேரு ஸ்டேடியத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம், 2015-இல், டிராஃப்டோடு ஏலமும் வந்தது. பத்து இந்திய ஆட்டக்காரர்களை மட்டும் ஏலத்தில் விட்டார்கள். சுனில் சேத்ரியை 1 கோடியே 20 லட்சத்துக்கு மும்பை எடுத்தது. யூஜின்சன் லிங்டோவை 1 கோடியே 5 லட்சத்துக்குப் புனே எடுத்தது. அந்த மேசையில் கோடியைத் தாண்டியவர்கள் இவர்கள் இருவர்தான். நாம் தோய் சிங்கை 86 லட்சத்துக்கும், கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கை 60 லட்சத்துக்கும் எடுத்தோம். சீசன் முடிந்தபோது எட்டு அணிகளில் மும்பை ஆறாவது, புனே ஏழாவது.

சேத்ரியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் அந்த சீசனில் ஹாட்ரிக் அடித்தவர். ஒரு ஆளைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்திவைத்தால் அது அணியாகாது என்பதற்காகச் சொல்கிறேன். இந்தப் பாடத்தை நான் படித்தது டி.வி.யில் இல்லை, மண்ணில். ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கு நல்ல பையன்கள் எக்கச்சக்கமாகச் சேர்ந்தார்கள். செலக்‌ஷன் வைத்தேன். வேகமாக ஓடுகிறவன், உயரமாகக் குதிக்கிறவன், இரண்டு காலாலும் உதைக்கிறவன் என்று பதினொரு முத்துகளைப் பொறுக்கினேன். முதல் ஆட்டத்திலேயே ஒரு சின்னப் பள்ளியிடம் 4-0. அந்தப் பையன்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள். பந்தை வாங்குகிறவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அங்கே ஆள் இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். என் பதினொரு முத்தும் பந்து வந்தபிறகு தலையைத் தூக்கி, யார் எங்கே என்று தேடினார்கள். அந்த ஒரு விநாடியில் பந்து போய்விடும். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு விநாடிதான் மனசுக்குள் ஓடியது.

சரி, 2015-க்கு வருவோம். பத்து ஆட்டம் முடிந்தபோது நமக்கு 10 புள்ளி. பட்டியலில் கடைசி. மாத்தராஸியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதாத ஆள் இல்லை. அடுத்த நான்கு ஆட்டத்தையும் வென்றார்கள், 22 புள்ளியோடு மூன்றாவது இடம், அரையிறுதி. அப்போது வந்தது டிசம்பர் வெள்ளம். முடிச்சூரில் மாடிவரை தண்ணீர், வரதராஜபுரத்தில் படகு, விமான நிலையம் மூடல். உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள், இந்தப் பக்கத்துக்காரர்களாக இருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் இல்லாத அணி, சொந்த மைதானம் இல்லாத ஆட்டம். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள்.

இறுதியாட்டம் டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா மைதானம். எதிராளி கோவாவே. பெலிசாரி நமக்கு ஒன்று போட்டார், நாலு நிமிஷத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87-ஆவது நிமிஷத்தில் ஜோஃப்ரே ஃப்ரீகிக்கில் அடித்தார், கோவா 2-1. எங்கள் வீட்டில் அப்போதுதான் கரன்ட் ஒழுங்காக வந்திருந்தது. டி.வி.யை அணைக்கப் போனேன். என் பேரன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். 90-ஆவது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. இரண்டு நிமிஷம் கழித்துக் கொலம்பியாக்காரர் மெண்டோசா இன்னொன்று. 3-2. மெண்டோசாவுக்கு அந்த சீசனில் 13 கோல். அந்த சேற்று மாதத்தில் எங்கள் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இதில் பயிற்சியாளருக்கு என்ன பங்கு என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கட்டிமணியின் கையில் பந்து படும் என்று எந்தப் பயிற்சியாளரும் கரும்பலகையில் எழுத முடியாது. ஆனால் 10 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்த அதே ஆட்களை வைத்துத்தான் அடுத்த நாலையும் வென்றார்கள். நடுவில் புது ஏலம் எதுவும் நடக்கவில்லை.

2016-இல் ஏழாவது இடம். மாத்தராஸி போனார். 2017-இல் ஜான் கிரிகரி வந்தார். இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், வயது 63. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வயதைக் கேட்டாலே தெம்பு. அந்த ஜூலையில் மறுபடி டிராஃப்ட். ஒவ்வொரு அணியும் பழைய ஆட்களில் சிலரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாம் ஜெஜெவையும் கரண்ஜித்தையும் வைத்துக்கொண்டோம்; இளம் ஆட்களில் அனிருத் தாபாவை. டிராஃப்டில் மறுபடி தோய் சிங்கை எடுத்தோம். அந்த வருஷம் அதிக விலை 1 கோடியே 10 லட்சம், இருவருக்கு: அனஸ் ஜாம்ஷெட்பூருக்கு, லிங்டோ கொல்கத்தாவுக்கு. பத்து அணிகளில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது, கொல்கத்தா ஒன்பதாவது. லிங்டோவுக்குக் காயம், பாவம், அது யார் கையிலும் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷத்து விலைப்பட்டியலையும் புள்ளிப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரிகூட யோசிப்பான்.

நம் 2017 அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தான். 'இருந்தார்' என்றுதான் சொல்ல வேண்டும், வாத்தியார் வாய், மன்னியுங்கள். வியாசர்பாடியில் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காக உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் நடத்திய பயிற்சியில் வளர்ந்தவர். நடுக்களத்தில் முள்வேலி மாதிரி நிற்பார்.

முதல் ஆட்டம், நவம்பர் 19, சொந்த மைதானம், கோவாவோடு. அரைமணி தாண்டியதும் 0-3. பிற்பாதியில் இரண்டு திருப்பி 2-3 தோல்வி. நான் அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தேன். பின்வரிசை ஆட்கள் நாலு பேரும் நாலு திசையில் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரை யார் பிடிக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. அந்த நாலு கையும்தான் அந்த சீசனில் மாறியது. லீக் முடியும்போது நாம் 18 ஆட்டத்தில் 24 கோல் மட்டுமே அடித்திருந்தோம். கோவா 42 அடித்திருந்தது. ஆனால் நாம் வாங்கியது 19, கோவா வாங்கியது 28. புள்ளியில் நாம் இரண்டாவது, கோவா மூன்றாவது. அரையிறுதியில் அதே கோவா. அங்கே 1-1. மார்ச் 13-ஆம் தேதி இங்கே 3-0: ஜெஜெ இரண்டு, கணேஷ் ஒன்று. நவம்பரில் மூன்று வாங்கிய அதே மைதானம், அதே எதிராளி.

இறுதியாட்டம் மார்ச் 17, 2018, பெங்களூரு கண்டீரவா. பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம், நாம் 32. ஒன்பதாவது நிமிஷத்தில் சேத்ரி பாய்ந்து தலையால் போட்டார். ஸ்டேடியம் முழுக்க நீலம். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு கார்னரைக் காட்டுகிறேன். இந்த மேசையைக் கோல்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் கோல்கீப்பர். 17-ஆவது நிமிஷம். கிரெகரி நெல்சன் கார்னர் எடுக்கிறார். மெய்ல்சன் ஆல்வஸ் என்ற பிரேசில் டிஃபெண்டர் பெனால்டி பெட்டியின் ஓரத்திலிருந்து ஓடி வருகிறார். நின்ற இடத்தில் குதிக்கிறவனைவிட ஓடி வந்து குதிக்கிறவன் ஒரு சாண் உயரம் கூடுதலாகப் போவான். கோகோ ஆடும் பெண்பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். தலையில் வாங்கினார், கோல். 45-ஆவது நிமிஷம், மறுபடி நெல்சன், மறுபடி கார்னர், மறுபடி மெய்ல்சன் தலை. ஒரே பூட்டை ஒரே சாவியால் அரைமணி நேரத்தில் இரண்டு தடவை திறந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. பெங்களூருவின் மிக்கு கடைசியில் ஒன்று திருப்பினார். 3-2, இரண்டாவது கோப்பை.

கார்னர் உதைப்பது அலுப்பான பயிற்சி. பையன்களிடம் செய்யச் சொன்னால் ஐந்தாவது உதையில் கொட்டாவி விடுவார்கள். எல்லாருக்கும் டிரிப்ளிங் செய்யத்தான் ஆசை. ஒரு அணியை நாற்பது தடவை அதே கார்னரை உதைக்க வைக்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் கோச். அந்த மெய்ல்சன் 2015-இல் கோப்பை வென்ற நம் அணியிலும் இருந்தவர். ரஃபேல் அகஸ்டோவும் அப்படியே, ஜெஜெ, கரண்ஜித், தோய் சிங்கும் அப்படியே. இரண்டு கோப்பைக்கும் நடுவில் இரண்டேகால் வருஷம், பயிற்சியாளர் மாறிவிட்டார், டிராஃப்ட் வந்து கலைத்துப் போட்டது, ஆனாலும் இந்த ஐந்து பேரும் இரண்டு படத்திலும் இருக்கிறார்கள். பந்து வருவதற்கு முன்னால் யார் எங்கே என்று தெரிந்தவர்கள்.

கோப்பையோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த சீசன், 2018-19: 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்தாவது இடம், அதாவது கடைசி. அதே கிரிகரி. கணேஷ் முழங்கால் காயத்தால் அந்த சீசன் ஆடவே இல்லை. வேலியைப் பிடுங்கிவிட்டால் தோட்டத்துக்கு மாடு வரத்தான் செய்யும். ஜெஜெவின் கால்களிலிருந்தும் கோல் வற்றிவிட்டது. அதற்கடுத்த சீசனும் அப்படியே தொடங்கியது. நடுவழியில் கிரிகரி போய் ஓவன் காயில் வந்தார். அதே அணி இறுதியாட்டம் வரை போனது. லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச்சில் கொரோனாவால் காலி மைதானத்தில் நடந்த அந்த இறுதியில் கொல்கத்தாவிடம் 1-3 தோற்றோம். கொல்கத்தா பக்கம் ஆடியவர்களில் ஒருவர் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர்.

அதன் பிறகு என்ன நடந்தது? காயில் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2021-22-இல் ஜாம்ஷெட்பூர் லீக் பட்டியலில் முதலிடம், அதற்கான ஷீல்டு. நாம் கண்டுபிடித்த சமையல்காரரை அடுத்த தெருக்காரர் கூட்டிப் போய் விருந்து வைத்துவிட்டார். இன்னொன்றும் உண்டு. லாலியன்சுவாலா சாங்தே நம்மிடம் ஆடினார். 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். 2022-23-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு, மும்பைக்கு ஷீல்டு, அடுத்த வருஷம் கோப்பையும். விற்ற மாடு அடுத்த வீட்டில் பத்து லிட்டர் கறக்கும்போது விற்றவனுக்கு எப்படி இருக்கும்?

மாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் என்றால் அமெரிக்காக்காரர்கள் எப்போதும் சொல்வது டல்லாஸ் அணியின் கதை. 1989-இல் அவர்களிடம் ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரர்தான், ஹெர்ஷல் வாக்கர். அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சில ஆட்டக்காரர்களையும், வரும் வருஷங்களின் டிராஃப்டில் ஆள் எடுக்கும் வாய்ப்புகளையும் மூட்டையாக வாங்கினார்கள். அந்த சீசன் டல்லாஸ் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்றது. ஊரே சிரித்தது. வாங்கிய வாய்ப்புகளை வைத்து இளம் ஆட்களை எடுத்தார்கள், எம்மிட் ஸ்மித் அந்த வழியில் வந்தவர். 1992, 1993, 1995 சீசன்களில் சாம்பியன். விதைநெல்லை வாங்கியவன் அந்த வருஷம் பட்டினி கிடக்கத்தான் வேண்டும். நம் ஊரில் யாரும் அப்படி ஒரு வருஷம் பொறுக்க மாட்டார்கள். மூன்று ஆட்டம் தோற்றாலே கோச்சின் பெட்டி வாசலில் இருக்கும்.

பணத்தால் கோப்பை கிடைக்காது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020-21-இல் மும்பை ஷீல்டு, கோப்பை இரண்டையும் எடுத்தது, பின்னால் மான்செஸ்டர் சிட்டிக்காரர்களின் பணம் இருந்தது. ஆனால் அவர்கள் வாங்கிய விதத்தைப் பாருங்கள். கோவாவின் கோச்சாக இருந்த லோபேராவை எடுத்தார்கள். அவரிடம் ஏற்கனவே ஆடிப் பழகிய ஃபால், ஜாஹூ, பூமூஸ், மந்தார் எல்லாரையும் கூடவே எடுத்தார்கள். ஆளை வாங்கவில்லை, பழக்கத்தை வாங்கினார்கள்.

டிராஃப்ட் 2017-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேரம் பேசி ஒப்பந்தம் போடுவதுதான். டிராஃப்டே இல்லாத இன்னொரு கதையைச் சொல்லாவிட்டால் கோயம்புத்தூர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகில் 2017-18-இல் கீழே இறங்காமல் தட்டுத்தடுமாறித் தப்பிய அணி. அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த, நம் ஊரில் யாரும் கேள்விப்படாத ஆட்களைக் கூட்டி வந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. கூடவே நம் பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார். ரெஜினும் முன்பு சொன்ன சூசைராஜும் அண்ணன் தம்பி. சூசைராஜும் முந்தின சீசன்வரை இதே அணிதான். இவர்கள் தரையிலேயே பாஸ் போட்டு ஆடினார்கள். கோல்கீப்பர்கூட உயர உதைக்க மாட்டார். மான்சி 21 கோல் போட்டார்.

கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபோடு. வென்றால் பட்டம், தவறினால், அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளை வரை 0-1. பிற்பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் இரண்டு போட்டார். பின்வரிசைக்காரர்! சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அதே வருஷம் மே மாதம் மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 வென்று தேசிய மகளிர் லீக் பட்டம் எடுத்தார்கள். இரண்டு தேசியப் பட்டம், இரண்டும் தமிழ்நாட்டுக்கு. அன்றைய பத்திரிகைகளில் கிரிக்கெட்டுக்கு நடுவில் அதை நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.

பிறகு மான்சி போனார், நெஸ்டர் போனார். ரொமாரியோ கோவாவுக்கு, எட்வின் சென்னையினுக்கு. அக்பரும் போனார். 2020-21-க்குப் பிறகு தேசிய லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஒரு கோப்பையைக் கட்டி எழுப்ப ஒரு சீசன் போதும் என்று காட்டியவர்கள், இடிந்து போக இரண்டு சீசன் போதும் என்பதையும் காட்டிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அதுதான். வெளிநாட்டு ஆட்டக்காரன் பெட்டி கட்டிப் போவது இயல்பு. உள்ளூர்ப் பையன்கள் எட்டுப் பேர் அதே ஊரில், அதே சட்டையில் ஐந்து வருஷம் ஆடியிருந்தால் அடுத்த தலைமுறை அவர்களைப் பார்த்து வளர்ந்திருக்கும்.

டிராஃப்டின் குறையும் இதேதான். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன். 2017 டிராஃப்டில் டெல்லி எடுத்தது. அங்கிருந்து ஒடிசா, அங்கிருந்து ஈஸ்ட் பெங்கால். 2023-இல் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட கோலுக்குக் கொல்கத்தாவில் பாதி ஊர் பட்டாசு வெடித்தது. நம் பிள்ளை வெளியூரில் பேர் வாங்கினால் சந்தோஷம்தான். ஆனால் சென்னை அணி மிசோரம் வரை போய் ஆள் தேட வேண்டியிருக்கிறது, சென்னைப் பையன் கொல்கத்தா வரை போய்க் கோல் போட வேண்டியிருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு கணக்கு இடிக்கிறது. எனக்குத் தெரிந்த விடை ஒன்றே ஒன்று: இங்கே ஆளைப் பார்க்க யாரும் வருவதில்லை. வியாசர்பாடிக்கு வருகிறார்கள், அங்கே இருபது வருஷத்துக்கு மேல் சிலர் உழைத்துப் பாதை போட்டுவிட்டார்கள். பெருங்களத்தூரிலிருந்து மறைமலைநகர் வரை இந்த ரயில்பாதை ஓரத்தில் எத்தனை பையன்கள் சாயங்காலம் ஆடுகிறார்கள்? யார் கணக்கெடுத்தார்கள்? காலி மனைகளில் ஆடுகிறார்கள். ஒரு நாள் மனைக்குச் சொந்தக்காரர் கம்பிவேலி போடுகிறார், அந்த அணி அன்றோடு கலைகிறது. அதை எந்த டிராஃப்டும் சரிசெய்யாது.

நேரம் ஆகிவிட்டது. கூட்டம் ஏற்பாடு செய்த தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கும் எட்டேகால் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஒரு வேண்டுகோளோடு இறங்குகிறேன். இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது, வரும்போது பார்த்தேன். முள் அதிகம், ஆனால் இரண்டு நாளில் சுத்தம் செய்துவிடலாம். உள்ளே நுழைய உரிமையாளரிடம் அனுமதி வாங்கித் தருவதாக இங்கே இருக்கும் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு நான் முதல் வண்டியில் வந்துவிடுகிறேன், விசிலும் இரண்டு பந்தும் கொண்டுவருகிறேன். விடுதிப் பிள்ளைகளும் வாருங்கள், ஊர்ப் பிள்ளைகளும் வாருங்கள். வரும்போது உங்கள் அளவுக்கு ஆடக்கூடிய இன்னொருவரையும் கூட்டி வாருங்கள். உத்தி பிரித்து ஆடுவோம். அந்தச் சைக்கிள் டியூப் கட்டிய பையனை யாராவது பார்த்தால் அவனிடமும் சொல்லுங்கள்.